மூன்று குடும்பங்களின் விலை: போர்சோய் நாயின் மயிரும் நிறமும்

தோழர்களே, இந்த முறை ஒரு நாயைப் பற்றிப் பேசுவோம். நாய்க் கண்காட்சிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பீர்கள். கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

ரஷ்யாவின் வேட்டை நாய் போர்சோய். ஆண் நாய் தோளளவில் 75 முதல் 85 செ.மீ. உயரம் நிற்கும். ஒடுங்கிய நீளத் தலை, வில்லாக வளைந்த முதுகு, உடலெங்கும் பட்டுப் போன்ற நீள மயிர். இது மோப்பம் பிடித்துத் தேடாது. கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடிக்கும். முயல், நரி, ஓநாய் மூன்றுக்கும் இதைத்தான் பழக்கினார்கள்.

இன்று இந்த நாயைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால், நடுவர் அதன் மயிரையும் நிறத்தையும் எழுதி வைத்த தர வரையறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ரஷ்யாவைப் பிறப்பிடமாகக் குறித்து உலக நாய்க் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள வரையறை, எல்லா நிறக் கலவைகளையும் ஏற்கிறது. ஆனால் நீலமும் பழுப்பும் அவற்றிலிருந்து கிளைக்கும் நிறங்களும் கூடவே கூடாது என்கிறது. நீலம் என்று நாய்க்காரர்கள் சொல்வது வெளிறிய சாம்பல் கறுப்பை. அமெரிக்கக் கென்னல் கிளப் 1972-இல் ஒப்புக்கொண்ட வரையறையோ, எந்த நிறமும் எந்தக் கலவையும் ஏற்புடையதே என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. ஆக, பழுப்பு நிறத்தில் பிறந்த ஒரு நாயை மாஸ்கோவில் ஒதுக்கலாம், நியூயார்க்கில் அதே நாய்க்குப் பரிசு கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் அதன் எலும்பும் ஓட்டமும் ஒன்றுதான். மாறியது தாளில் இருக்கும் வரி மட்டும்.

அந்த வரியை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், எதை இழந்த பிறகு எழுதினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயரில் இல்லாத நிறம்

ரஷ்ய மொழியில் இந்த நாயின் முழுப்பெயர் 'ரூஸ்கயா ப்ஸோவயா போர்ஸயா'. 'போர்ஸயா' என்றால் விரைவானது. 'ப்ஸோவயா' என்பது 'ப்ஸோவினா' என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்த நாயின் நீண்ட அலைமயிருக்கு வேட்டைக்காரர்கள் வைத்த தனிச்சொல் அது. நாடு, மயிர், வேகம் மூன்றும் பெயரில் இருக்கின்றன. நிறம் இல்லை.

மயிர் பெயரில் இடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. வேட்டைக்காலம் இலையுதிர் காலம். மழை, சேறு, பிறகு முதல் பனி. பட்டுத்தன்மையுள்ள மயிரில் ஈரமும் பனியும் ஒட்டாமல் வழிந்துவிடும். கம்பளிபோல் பொசுபொசுவென்றிருக்கும் மயிர் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், முள்ளையும் சேற்றையும் பிடித்துக்கொள்ளும். ஓடும் நாய்க்கு அது சுமை. அதனால்தான் மயிர் அலையலையாகவோ பெரிய சுருளாகவோ இருக்கலாம், பொடிச்சுருளாக இருக்கக் கூடாது என்று இன்றைய உலக வரையறையும் சொல்கிறது. தலையிலும் காதிலும் கால்களிலும் குட்டையாகப் படிந்த மயிர், கழுத்தில் அடர்ந்த வளையம், தொடையின் பின்புறமும் வாலிலும் நீண்ட தொங்கல். இவை எல்லாம் முதலில் வயல்வெளி கேட்டவை. கண்காட்சி பிறகுதான் வந்தது.

நிறங்களுக்கும் வேட்டைக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். வெளிர் மஞ்சள் நாயை 'போலவி' என்றார்கள். 'போலவா' என்றால் களத்தில் தானியம் தூற்றும்போது பறக்கும் பதர். சீமாட்டிகள் விசிறியோடு ரசித்த அந்தப் பொன்னிறத்துக்குப் பெயர் கொடுத்தது களத்துமேட்டுப் பதர். களத்துமேட்டில் நின்று தூற்றியவர்கள் யார்? பண்ணையடிமைகள்.

நாய்க்கு ஈடாக மனிதர்

போர்சோய் வேட்டை தனி ஆள் வேலை இல்லை. மோப்ப நாய்க் கூட்டம் காட்டுக்குள் நுழைந்து விலங்கை வெளியே விரட்டும். காட்டோரத்தில், குதிரை மேல், இரண்டு மூன்று போர்சோய்களை ஒரே வாரில் பிடித்தபடி ஆட்கள் காத்திருப்பார்கள். விலங்கு வெட்டவெளிக்கு வந்ததும் வாரை நழுவ விடுவார்கள். பெரிய பண்ணைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள். அவற்றுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சியவர்களும், மயிர் சீவியவர்களும், ஈன்ற பெட்டைக்குக் காவலிருந்தவர்களும், எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்த்தால் எப்படிக் குட்டி வரும் என்று கணித்தவர்களும் பெரும்பாலும் பண்ணையடிமைகளே. நாயின் மயிரை மதிப்பிடும் அறிவு முதலில் அவர்களுடைய விரல்களில்தான் இருந்தது.

அந்த நாய்களுக்கு ஈடாக அவர்களே கைமாறினார்கள். பண்ணையடிமைகளை நிலமில்லாமல் விற்கும் விளம்பரங்கள் ரஷ்யச் செய்தித்தாள்களில் குதிரை, நாய் விளம்பரங்களோடு சேர்ந்தே வந்தன. 1801-இல் முதலாம் அலெக்சாந்தர் அந்த விளம்பரங்களைத் தடை செய்தார். விளம்பரம் நின்றது. விற்பனை நிற்கவில்லை.

ரஷ்ய இலக்கியம் இதை மறைக்கவில்லை. 1820களில் கிரிபயேதவ் எழுதிய 'அறிவால் வந்த வினை' நாடகம் தணிக்கையால் வெகுகாலம் கையெழுத்துப் படிகளாகவே பரவியது. தன் மானத்தையும் உயிரையும் பலமுறை காத்த வேலைக்காரர்களை மூன்று போர்சோய்களுக்கு மாற்றிக்கொண்ட ஒரு பிரபு அதில் வருகிறான். 1836-இல் கோகல் எழுதிய 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' நாடகத்தின் நீதிபதி, தான் வாங்குவது பணம் அல்ல, போர்சோய்க் குட்டிகள்தான், அதனால் அது லஞ்சத்தில் சேராது என்று வாதிடுகிறான். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசோவ் சகோதரர்கள்' நாவலில், விளையாட்டாகக் கல்லெறிந்து தளபதியின் செல்ல நாயின் காலில் காயப்படுத்திய எட்டு வயதுப் பண்ணையடிமைச் சிறுவன் மேல், அவன் தாயின் கண்முன்னே, நாய்க் கூட்டம் ஏவப்படுகிறது. பழைய ஆவணத் தொகுப்பொன்றில் படித்ததாகத்தான் இவான் இதைச் சொல்கிறான்.

இவை புனைவுகள்தாம். ஆனால் அந்தக் கால வாசகர் யாரும் 'இப்படியும் நடக்குமா' என்று கேட்கவில்லை. சிரித்தார்கள், அல்லது தலைகுனிந்தார்கள்.

டால்ஸ்டாய் வைத்த பந்தயம்

நிறத்தைப் பற்றி டால்ஸ்டாய் ஒரு சாட்சி சொல்கிறார். 'போரும் வாழ்வும்' நாவலில் 1810-ஆம் ஆண்டின் இலையுதிர் கால வேட்டை வருகிறது. ரஸ்தோவ் குடும்பம் சுமார் 130 நாய்களோடும் 20 குதிரை வேட்டைக்காரர்களோடும் புறப்படுகிறது. வழியில் பக்கத்துப் பண்ணைக்காரர் இலாகின் சேர்ந்துகொள்கிறார். அவரிடம் யெர்ஸா என்ற பெட்டை. தூய இனம், மெல்லிய உடல், வெள்ளையில் செம்புள்ளி. ஒரு வருடத்துக்கு முன் அந்த நாய்க்காக அவர் கொடுத்தது மூன்று பண்ணையடிமைக் குடும்பங்கள். டால்ஸ்டாய் இதைக் குரலை உயர்த்தாமல், போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

ரஸ்தோவின் மில்கா வெள்ளையில் கரும்புள்ளி. இரண்டு சீமான்களும் தங்கள் நாயைத் தாழ்த்திப் பேசி, அடுத்தவர் நாயைப் புகழ்ந்து, உள்ளுக்குள் பொறாமையில் வேகிறார்கள். முயல் கிளம்புகிறது. யெர்ஸா நெருங்குகிறது, முயல் திரும்பிவிடுகிறது. மில்கா நெருங்குகிறது, அதற்கும் அதே கதி. கடைசியில் முயலைப் பிடிப்பது, 'மாமா' என்று எல்லோரும் அழைக்கும் எளிய நில உரிமையாளரின் ருகாய். செந்நிற நாய், முதுகு கூன், உடலெல்லாம் சேறு. ஒரு நாய்க்கு ஒரு கிராமம் கொடுத்தவர்கள் நீங்கள் என்று அந்த மாமா முன்பே குத்திக்காட்டியிருந்தார்.

அதே நாளில் காலையில், வயதான பெரிய ஓநாயை மடக்கியதிலும் முன்னின்றது ரஸ்தோவின் கராய் என்ற கிழட்டு நாய். அவலட்சணம் என்றே டால்ஸ்டாய் அதை எழுதுகிறார்.

மூன்று குடும்பங்களின் விலை எதற்குக் கொடுக்கப்பட்டது என்று இப்போது யோசிப்போம். முயல் பிடிக்க என்றால் ருகாய் போதும். செம்புள்ளியும் 'தூய இனம்' என்ற பெயரும் கூடியபோதுதான் நாய் அந்த விலைக்குப் போனது. அடுத்த பண்ணைக்காரனுக்கு முன்னால் அணிந்து காட்டும் நகையாகியிருந்தது அது. அந்த நகைக்காகக் கைமாறிய மூன்று குடும்பங்களின் பெயர் நாவலில் இல்லை. நாயின் பெயர் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு வந்த வரையறை

1861-இல் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். நிலப்பிரபுக்களின் கையிலிருந்து இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் சட்டப்படி விடுபட்டார்கள். நிலத்துக்கு அவர்கள் தவணை கட்ட வேண்டியிருந்தது என்பது வேறு துயரம். ஆனால் கூலியில்லா உழைப்பு போனதும், நூற்றுக்கணக்கான நாய்களை வைத்துத் தீனி போட முடியாமல் பண்ணைகள் வேட்டைக் கூட்டங்களைக் கலைத்தன. பத்து ஆண்டுகளுக்குள் 'பழைய வகை போர்சோய் அழிகிறது' என்ற புலம்பல் வேட்டை இதழ்களில் கேட்கத் தொடங்கியது.

கண்காட்சியும் வரையறையும் வந்தது அப்போதுதான். 1874-இல் மாஸ்கோ கண்காட்சி. 1888-இல் எழுதப்பட்ட முதல் தர வரையறை. 1887-இல் தூலா பகுதியில் பெர்ச்சினோ பண்ணையை வாங்கி, புகழ்பெற்ற போர்சோய்க் கூட்டத்தை உருவாக்கினார் அரச குடும்பத்து நிக்கோலாய் நிக்கோலாயெவிச். முதல் உலகப் போரில் ரஷ்யப் படைகளுக்குத் தலைமை தாங்கினாரே, அவர்தான். பெர்ச்சினோவில் ஒரே வாரில் கட்டும் நாய்களை நிறப் பொருத்தம் பார்த்துச் சேர்த்தார்கள். வேட்டையே ஒரு அணிவகுப்பானது.

மனிதர்கள் மேல் இருந்த உரிமைப் பத்திரம் செல்லாமல் போன அதே தலைமுறையில், நாயின் இரத்தத்துக்குப் பத்திரம் எழுதும் வேலை சூடுபிடித்தது. இது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பழைய பெருமையின் எல்லாச் சின்னங்களும் கைநழுவியபோது, 'எங்கள் நாயின் இரத்தம் தூய்மையானது' என்று சொல்லிக்கொள்ள ஒரு தாள் தேவைப்பட்டது.

அந்தத் தாளில் நிறம் இரத்தத்தின் சாட்சியானது. கறுப்பையும், கறுப்போடு செம்பழுப்புப் பொட்டுகளையும் பழைய வேட்டைக்காரர்கள் பலர் விரும்பவில்லை. அது கிரீமிய, மலைநாட்டு நாய்களின் அல்லது மோப்ப நாய்களின் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தக் கலப்பைச் செய்தது யார்? வேகம் வேண்டும் என்று ஆங்கில கிரேஹவுண்டையும், தாக்குப்பிடிக்கும் வலு வேண்டும் என்று தெற்கத்தி நாய்களையும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கச் சேர்த்தவர்கள் அதே பண்ணைக்காரர்கள். பயன் வேண்டியிருந்தபோது கலந்தார்கள். பெருமை வேண்டியிருந்தபோது கலப்பைக் குற்றமாக்கினார்கள்.

குட்டி மேல் விழும் குற்றம்

பழுப்பும் நீலமும் எப்படி வருகின்றன என்பதை இன்றைய மரபணு அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. பழுப்புக்கு ஒரு மரபணு, கறுப்பை வெளிறச் செய்து நீலமாக்குவதற்கு இன்னொன்று. இரண்டுமே ஒடுங்கு பண்புகள். தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். கோப்பை வாங்கும், சான்றிதழ் வாங்கும், தலைமுறை தலைமுறையாக அந்தப் பிரதியைக் கடத்தும். அப்படிப்பட்ட இரண்டு நாய்கள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அந்த நிறம் வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு.

கண்காட்சி வளையத்தில் நிறத்தைத் தண்டிக்கும்போது அடி விழுவது அந்தக் குட்டி மேல் மட்டும்தான். அதைச் சுமந்து வந்த பெற்றோரும் அவற்றின் பட்டங்களும் பத்திரமாக இருக்கின்றன. இப்போது மரபணுச் சோதனை வந்துவிட்டதால் சுமப்பவற்றையும் கண்டுபிடிக்கலாம். நூறாண்டுக்கு மேல் அது இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததே இரத்தம் என்று நம்பினார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மனிதரை நாய் இனங்களோடு ஒப்பிடுவது நம் எதிரிகளின் பழக்கம். நாங்கள் அதைச் செய்யவில்லை. நாய் இனம் என்பது யாரோடு யார் சேர வேண்டும் என்று உரிமையாளன் தீர்மானித்து உண்டாக்கியது. சாதியை 'இரத்தத் தூய்மை' என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அம்பேத்கர் 1936-லேயே, 'சாதி ஒழிப்பு' நூலில் பதில் சொல்லிவிட்டார். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் ஒடுக்கப்பட்டவரும் ஒரே இனமூலம் கொண்டவர்கள், சென்னையிலும் அப்படியே என்று அவர் காட்டினார். நாய்களிடமே நிறத்தை வைத்து இரத்தத்தைப் படிக்க முடியாது என்றால், மனிதரிடம் அந்தப் பேச்சுக்கு அரை அடி நிலம்கூட இல்லை.

நல்ல நடுவர் என்ன செய்கிறார்?

நிறத்தை மதிப்பிடும் கலையே பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல நடுவர்கள் நிறத்தைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது, அது கண்ணை ஏமாற்றும் என்பதைத்தான். வெள்ளை நாய் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், கரிய நாய் சிறிதாகத் தெரியும். இடுப்பின் மேல் ஒரு கரும்புள்ளி விழுந்தால் நேர்த்தியான முதுகு வளைவு உடைந்தது போலத் தோன்றும். முன்காலில் ஒரு பக்கம் மட்டும் நிறம் ஏறியிருந்தால் நேரான கால் கோணலாகத் தெரியும். அதனால் நல்ல நடுவர் கண்ணை நம்பி நின்றுவிடாமல் கையை வைக்கிறார். அடர்ந்த மயிருக்குள் விரலை விட்டு விலா எவ்வளவு ஆழம், தோள் எந்தச் சாய்வு, தொடையில் தசை உண்டா என்று தொட்டுப் பார்க்கிறார். பிறகு ஓடவிட்டுப் பார்க்கிறார்.

மயிரிலும் அவர் பார்ப்பது நீளத்தை விடத் தன்மையை. ஈன்ற பெட்டையும் பருவம் முடிந்த பெட்டையும் மயிரை உதிர்த்துவிட்டு ஒல்லியாக நிற்கும். கோடையில் எல்லா நாய்க்கும் மயிர் குறையும். உதிர்ந்த மயிர் திரும்ப வளரும், வளைந்த எலும்பு நிமிராது என்று தெரிந்தவர் அதைப் பெரிய குற்றமாக எண்ணுவதில்லை. சோப்பும் சீப்பும் வெப்பக்காற்றும் வைத்து ஒரு நாளில் பளபளக்கச் செய்த மயிருக்கு மயங்குவதும் இல்லை. இப்படி விரலால் பார்க்கும் முறை வளையத்தில் பிறந்தது இல்லை. பண்ணை நாய்க்கூடத்தில் சீவியும் கழுவியும் காயம் கட்டியும் பழகிய கைகளின் முறை அது. அந்தக் கைகளுக்கு யாரும் நடுவர் என்று பெயர் கொடுக்கவில்லை.

பதிவேட்டுக்கு வெளியே பிழைத்தவை

1917-இல் புரட்சி வந்தபோது பண்ணை வீடுகளோடு நாய்க்கூடங்களும் அழிந்தன. பல நாய்கள் கொல்லப்பட்டன. நாய் செய்த தவறு ஏதும் இல்லை. ஆனால் மூன்று குடும்பங்களை ஒரு நாய்க்கு விற்ற வர்க்கம் தன் அடையாளத்தை அந்த மயிரின் மேல்தான் எழுதி வைத்திருந்தது. கோபம் அங்கே போய் விழுந்தது. அந்தக் கொலைகளை நாங்கள் கொண்டாடவில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் மாட்டோம்.

இனம் இரண்டு வழியில் தப்பியது. ஒன்று ஏற்றுமதி. 1903-இல் ரஷ்யா போன ஜோசப் தாமஸ் என்ற அமெரிக்கர் பெர்ச்சினோவிலிருந்தும் வேறு பண்ணையிலிருந்தும் நாய்களை வாங்கிப்போனார். இங்கிலாந்தில் 1892-லேயே போர்சோய் சங்கம் இருந்தது. இன்னொரு வழியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பிற்காலத்தில் கான்ஸ்தந்தீன் எஸ்மந்த் என்பவர் கோசாக்கியக் கிராமங்களில் இருந்த போர்சோய்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார். ரோமத் தொழிலுக்கு இந்த நாய்கள் உதவும் என்று சோவியத் அரசுக்கு எடுத்துச் சொன்னார். முயலும் நரியும் பிடித்து வீட்டுக்காரருக்கு வயிறு நிரப்பிய கிராமத்து நாய்கள் அவை. அரசவம்சப் பதிவேடு எதுவும் அவற்றுக்கு இல்லை. ஓடத் தெரிந்ததால் வைத்திருந்தார்கள்.

நம் படிப்பில் இந்த வரலாற்றுக்கு ஒரு இடம் கொடுக்கச் சொல்கிறோம். சமூகவியல் வகுப்பில் 'தரம்', 'தகுதி', 'தூய்மை' போன்ற சொற்களைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இந்த வரையறையை எழுதியவர் யார்? எழுதும்போது அவர் எதை இழந்துகொண்டிருந்தார்? வேலையைச் செய்தவரின் அறிவு அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? முதல் இரண்டுக்குப் பதில் நூலகத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதுக்குப் பதில் தேட நாவல்களையும், பழைய விளம்பரங்களையும், ஒரு நிறத்தின் பெயருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பதரையும்கூடப் புரட்ட வேண்டியிருக்கும். புரட்டுவோம்.